கைக்குழந்தையின் மாலை நேர அழுகை: உரைமருந்தா, கிரைப் வாட்டரா, சொட்டு மருந்தா?

பிறந்து மூன்று வாரம் ஆன குழந்தை. பகலெல்லாம் பால் குடித்துத் தூங்குகிறது. விளக்கு வைக்கும் நேரம் வந்துவிட்டால் முகம் சிவந்து, கால்களை வயிற்றோடு மடக்கி, இரண்டு மூன்று மணி நேரம் விடாமல் கத்துகிறது. வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு. பாட்டி உரைகல்லைத் தேடுகிறார். அத்தை கிரைப் வாட்டர் வாங்கி வரச் சொல்கிறார். பக்கத்து வீட்டு அக்கா, "உரம் விழுந்திருக்கும், சேலையில் போட்டு உருட்டுங்கள்" என்கிறார். மருந்துக் கடைக்காரர் சீட்டு எதுவும் கேட்காமல் ஒரு சொட்டு மருந்தை எடுத்து நீட்டுகிறார். பல நாட்களாகச் சரியாகத் தூங்காத தாய், யார் பேச்சைக் கேட்பது என்று அந்தக் கூச்சலுக்கு நடுவே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அந்த முடிவுக்கு உதவவே இதை எழுதுகிறேன்.

எதையும் கொடுப்பதற்கு முன், இந்த அழுகை எப்படிப் போகும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பொதுவாக இரண்டாவது வாரத்தையொட்டித் தொடங்கி, ஆறாவது வாரத்தில் உச்சத்தைத் தொட்டு, மூன்று நான்கு மாதத்துக்குள் தானாகவே தணிந்துவிடும். நன்றாகப் பால் குடித்து எடை கூடிவரும் குழந்தை, ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மூன்று வாரத்துக்கு மேல் அழுதால் அதைக் 'கோலிக்' என்று அழைக்கலாம் என 1954இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் மோரிஸ் வெஸ்ஸலும் அவருடைய குழுவினரும் வரையறுத்தார்கள். பெயர் வைத்துவிட்டார்களே தவிர, காரணம் இதுதான் என்று இன்றுவரை யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. வாயுத் தொல்லை என்று நாம் நினைப்பதில் ஒரு பகுதி, அழும்போது குழந்தை விழுங்கும் காற்றுதான்.

உச்சத்தைத் தாண்டிய ஏழாவது வாரத்தில் எதைக் கொடுத்தாலும் அதனால்தான் அழுகை குறைந்தது போலத் தோன்றும். பாட்டி பொய் சொல்லவில்லை. அவர் மருந்து இழைத்துக் கொடுத்தார், குழந்தை அழுகையை நிறுத்தியது. எதுவும் கொடுக்காத வீட்டிலும் ஏறக்குறைய அதே வாரத்தில் அழுகை நின்றிருக்கும். அதனால் 'எது கேட்கும்' என்ற கேள்வியோடு நான் நிற்கப் போவதில்லை. ஒவ்வொன்றும் தன்னோடு என்ன ஆபத்தைக் கொண்டுவருகிறது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கப் போகிறேன். நாட்டு மருந்து, ஆங்கில மருந்து என்று பிரித்து வைத்துச் சண்டை போடுவதால் பயனில்லை. குழந்தையின் வாய்க்குள் போவது எது, உடம்புக்கு வெளியே செய்வது எது என்று பிரித்தால் முடிவெடுப்பது எளிதாகிவிடும்.

உரைமருந்து

வசம்பு, சுக்கு, கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய், சித்தரத்தை, அதிமதுரம், பெருங்காயம் என்று ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு சேர்மானம் மாறும். சில வீடுகளில் இவற்றை அரிசியோடு சேர்த்து வேகவைத்துக் காயவைத்துப் பத்திரப்படுத்துவார்கள். வசம்பை மட்டும் விளக்கெண்ணெய் தடவி விளக்கில் சுட்டுக் கரியாக்குவார்கள். குழந்தையைக் குளிப்பாட்டியதும் உரைகல்லில் சில சொட்டுத் தாய்ப்பாலை விட்டு, ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று சுற்று இழைத்து, விரலால் நாக்கில் தடவுவார்கள் அல்லது சங்கில் புகட்டுவார்கள். தமிழ்நாடு அரசு தாய்மார்களுக்கு வழங்கிய 'அம்மா மகப்பேறு சஞ்சீவி' சித்த மருந்துத் தொகுப்பில்கூட உரை மாத்திரை இடம்பெற்றிருந்தது. தலைமுறை தலைமுறையாக அக்கறையோடு செய்துவந்த ஒன்றை மூடநம்பிக்கை என்று ஒற்றைச் சொல்லில் ஒதுக்குவது நியாயமில்லை.

ஆனாலும் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முதல் காரணம் அளவு. கல்லின் சொரசொரப்பு, இழைப்பவரின் கை அழுத்தம், சரக்கின் வயது எல்லாம் சேர்ந்து இன்றைய இரண்டு சுற்றும் நாளைய இரண்டு சுற்றும் ஒன்றாக இருப்பதில்லை. பெரியவருக்கு இந்த வேறுபாடு ஒரு பொருட்டே இல்லை. நான்கு கிலோ உடம்புக்கு அது பெரிய வேறுபாடு.

இரண்டாவது, வசம்பு. நம் வீடுகளில் பிள்ளை வளர்ப்பான் என்று கொண்டாடப்படும் இந்தக் கிழங்கின் எண்ணெயில் பீட்டா அசரோன் என்ற வேதிப்பொருள் உண்டு. எலிகளுக்கு நீண்ட நாள் கொடுத்துச் செய்த ஆய்வுகளில் கட்டிகள் உருவானதால், 1968இல் அமெரிக்கா வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. வசம்பின் எல்லா வகையிலும் இது ஒரே அளவில் இருப்பதில்லை. வட அமெரிக்காவில் வளரும் வகையில் இது இல்லை. நம் பக்கத்து வகைகளில் இருக்கிறது. சுட்டுக் கரியாக்கினால் எண்ணெய் போய்விடும் என்பார்கள். எவ்வளவு போனது, எவ்வளவு மிஞ்சியது என்று அடுப்பங்கரையில் அளந்து பார்க்க வழியில்லை. எலிக்கு நேர்ந்தது குழந்தைக்கும் நேரும் என்று நான் சொல்லவில்லை. தானாகவே அடங்கப்போகும் ஓர் அழுகைக்காக இந்தச் சந்தேகத்தைச் சுமக்க வேண்டுமா என்றுதான் கேட்கிறேன்.

மூன்றாவது, ஜாதிக்காய். அதை இழைத்துக் கொடுத்ததும் குழந்தை அயர்ந்து தூங்குவதைப் பார்த்து எல்லோரும் நிம்மதி அடைகிறார்கள். ஜாதிக்காய்க்கு மயக்கம் தரும் தன்மை உண்டு. அளவு மிஞ்சினால் அது நஞ்சு. குழந்தை தூங்கிவிட்டது என்பதற்காக அதன் வலி தீர்ந்துவிட்டது என்று பொருளாகாது. உண்மையிலேயே நோயுள்ள குழந்தை இப்படி மயங்கிக் கிடந்தால், நோயின் அறிகுறிகளும் அந்த மயக்கத்தில் மறைந்துபோகும். அதுதான் எனக்கு மிகவும் அச்சம் தருவது.

தாய்ப்பாலுக்குப் பதிலாகத் தேனில் குழைத்துக் கொடுக்கும் வீடுகளும் உண்டு. ஒரு வயது நிறையும் வரை தேன் கூடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரந்து, தசைகளைத் தளரவைத்து, மூச்சையே நிறுத்திவிடலாம். வீட்டுத் தேன், மலைத் தேன், கலப்படமில்லாத தேன் என்பதெல்லாம் இதில் கணக்கில்லை. பிறந்தவுடன் நாக்கில் சேனை வைக்கும் வழக்கத்துக்கும் இது பொருந்தும்.

கடைசியாக, பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்ற கேள்வி. தெற்காசியாவில் தயாராகி அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2004இல் வெளியான ஆய்வில், 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. வளரும் மூளையைத்தான் அது முதலில் தாக்கும். பெயரில்லாத பொட்டலம், உலோகத்தைச் சுட்டுச் செய்யும் செந்தூரம் கலந்த பொடி, சந்தையில் கிடைக்கும் கோரோசனை மாத்திரை எதுவும் கைக்குழந்தைக்கு வேண்டாம். சித்த மருத்துவத்தில் நம்பிக்கை உள்ள குடும்பமென்றால், ஆறு மாதம் போகட்டும். பிறகு பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் குழந்தையையே நேரில் காட்டிக் கேளுங்கள்.

கிரைப் வாட்டரும் அதன் உறவினர்களும்

பலர் இதை ஆங்கில மருந்து என்று நினைக்கிறார்கள். உண்மையில் இதுவும் ஒரு மூலிகைத் தண்ணீர்தான். இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் வில்லியம் உட்வர்ட் என்ற மருந்தாளர் 1851இல் இதை உருவாக்கினார். சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, இவற்றோடு மதுச்சாரம். குழந்தை அடங்கியதில் அந்த மதுச்சாரத்துக்குப் பெரும் பங்கு இருந்திருக்கும். இன்றைய பாட்டில்களில் அது இல்லை. எஞ்சியிருப்பதில் உடனே வேலை செய்வது இனிப்பு. இனிப்புச் சுவை பச்சிளங்குழந்தையைச் சில நிமிடங்கள் அமைதிப்படுத்தும். ஊசி போடும்போது மருத்துவமனைகளிலேயே இதைப் பயன்படுத்துவதுண்டு. அந்தச் சில நிமிட அமைதியைத்தான் வயிற்று வலி குறைந்ததாக நாம் எடுத்துக்கொள்கிறோம்.

உரைமருந்தோடு ஒப்பிட்டால் கிரைப் வாட்டரில் ஒரு நல்ல அம்சம் உண்டு. சேர்மானமும் காலாவதித் தேதியும் பாட்டில் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். குறையும் உண்டு. திறந்து வைத்த சர்க்கரைத் தண்ணீரில் கிருமிகள் எளிதில் வளரும். 2007இல் அமெரிக்காவில் ஒரு கிரைப் வாட்டர் தயாரிப்பில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற வயிற்றுப்போக்குக் கிருமி இருந்தது தெரிந்து, அதைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். நம் வீட்டில் பாட்டிலைவிடச் சங்கும் பாலாடையும்தான் கவலை. கொதிநீரில் போட்டு எடுக்காமல் குழாய்த் தண்ணீரில் அலசி வைத்தால், புகட்டும் ஒவ்வொரு முறையும் கிருமியும் சேர்ந்தே உள்ளே போகும். முதல் ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர தண்ணீர்கூட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். மருத்துவர் எழுதித் தரும் மருந்தும் சத்துச் சொட்டுகளும் இதற்கு விலக்கு. 'வைட்டமின் டி' சொட்டுகளை இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள்.

ஓம வாட்டர், சோம்புத் தண்ணீர், சீரகத் தண்ணீர் ஆகியவற்றுக்கும் இதே பதில்தான். சோம்பு எண்ணெய்க்குக் கோலிக் குறைப்பதில் ஓரளவு பலன் இருப்பதாக ஓர் ஆய்வு உண்டு. ஆனால் அதிலுள்ள எஸ்ட்ராகோல் என்ற பொருள் தரக்கூடிய தீங்கைக் கருதியும், போதிய தரவு இல்லாததாலும், நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்குச் சோம்புத் தேநீரை ஐரோப்பிய மருந்து முகமை பரிந்துரைப்பதில்லை. அன்னாசிப்பூ போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரை மட்டும் ஒருபோதும் கொடுக்காதீர்கள். பார்வைக்கு அதைப் போலவே இருக்கும் ஜப்பானிய வகை ஒன்று நஞ்சுள்ளது. குழந்தைகளுக்கு வலிப்பு வந்ததை அடுத்து 2003இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது.

சொட்டு மருந்து

இயற்கை வைத்தியத்தை மட்டும் குறை சொல்லிவிட்டு மருந்துக் கடையைத் தப்பவிடுவது நேர்மையாகாது. இந்த ஒப்பீட்டில் உடனடி ஆபத்து மிகுந்தது அங்கேதான் இருக்கிறது. வயிற்று வலிக்கான சில சொட்டு மருந்துகளில் டைசைக்ளோமின் கலந்திருக்கும். அது குடல் தசையைத் தளர்த்தும், அழுகையையும் குறைக்கும். ஆனால் கைக்குழந்தைகளில் மூச்சு நின்றுபோதல், வலிப்பு, நினைவிழத்தல் வரை கொண்டுபோயிருக்கிறது. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு அதைக் கொடுக்கவே கூடாது. சென்ற பிள்ளைக்கு வாங்கி அலமாரியில் மிச்சம் வைத்ததாக இருந்தாலும், கடைக்காரர் எல்லோரும் வாங்குவதுதான் என்று சொன்னாலும், அட்டையில் சின்ன எழுத்தில் உள்ள பெயரைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

வாயுக் குமிழிகளை உடைக்கும் சிமெத்திகோன் மட்டும் உள்ள சொட்டு மருந்து வேறு. அது பெரும்பாலும் உடம்பில் சேராமல் வெளியேறிவிடும், தீங்கு குறைவு. பலனும் வெறும் தண்ணீர்ச் சொட்டுகளைவிடக் கூடுதலாக இல்லை என்றே ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மருத்துவர் எழுதித் தந்து, அதைக் கொடுப்பதால் வீட்டில் வேறு எதையும் கொடுக்காமல் இருப்பார்கள் என்றால், அந்த ஒன்றுக்காகவே அதற்கு மதிப்பு உண்டு.

லாக்டோபேசில்லஸ் ரியூட்டரி என்ற நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாட்டிக் சொட்டுகளுக்கு, வாய்வழி கொடுப்பவற்றில் ஓரளவு ஆதாரம் இருக்கிறது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைகளில் அழுகை நேரம் குறைந்ததைப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். பவுடர் பால் குடிக்கும் குழந்தைகளில் அந்தப் பலன் தெளிவாகத் தெரியவில்லை. விலை அதிகம். குறைமாதக் குழந்தைக்கு மருத்துவர் சொல்லாமல் கொடுக்கவே கூடாது.

வெளியிலிருந்து செய்பவை

நம் பாட்டிமாரின் கைப்பக்குவம் முழுமையாக வெளிப்படுவது இங்கேதான் என்பது என் உறுதியான எண்ணம். வெதுவெதுப்பான தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து, குழந்தையின் வயிற்றில் கடிகாரம் சுற்றும் திசையில் மெல்லத் தடவுவது, முழங்கால்களை மடக்கி வயிற்றோடு சேர்த்து அழுத்தி விடுவது, குப்புறக் கையில் ஏந்தி முதுகைத் தடவுவது எல்லாம் குழந்தைக்கு இதமானவை. வெற்றிலையில் விளக்கெண்ணெய் தடவி, அனலில் வாட்டி வயிற்றில் போடுவதும், தொப்புளைச் சுற்றிப் பெருங்காயப் பற்றுப் போடுவதும் எத்தனையோ வீடுகளில் உண்டு. வெற்றிலையின் சூட்டை உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். பெருங்காயப் பற்றால் தோல் சிவந்தால் உடனே துடைத்துவிடுங்கள். தொப்புள்கொடி விழுந்து புண் ஆறும் வரை அந்தப் பக்கம் எதையும் தடவ வேண்டாம்.

சில விஷயங்களில் விட்டுக்கொடுக்கவே முடியாது. குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவது நுரையீரலுக்குள் எண்ணெய் இறங்கும் வழி. தென்னிந்தியக் குழந்தைகளிடம் கண்ட எண்ணெய் நிமோனியாவைப் பற்றி 1973லேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கட்டுரை வந்திருக்கிறது. இன்னும் அந்த வழக்கம் நிற்கவில்லை என்பது வேதனை. எண்ணெயில் கற்பூரம் கரைத்துத் தடவுவதும் வலிப்பை வரவழைக்கலாம். கையில் கட்டும் வசம்பு வளையல் குழந்தையின் வாய்க்குத்தான் போகும். மணி கழன்றால் தொண்டையில் அடைக்கும். வயிற்றில் சிக்கியதை வெளியே எடுப்பதாகச் சொல்லித் தொக்கம் எடுப்பது, சூடு வைப்பது பற்றிப் பேசவே வேண்டியதில்லை. அவை குழந்தைக்குச் செய்யும் வன்முறை.

உரம் விழுந்ததாகச் சொல்லிச் சேலையில் உருட்டுவதை நான் முழுக்க எதிர்க்க மாட்டேன். கழுத்தும் தலையும் தாங்கலாக இருக்க, தாலாட்டும் வேகத்தில் இப்படியும் அப்படியும் அசைத்தால் குழந்தைக்கு அது தொட்டில் போலத்தான் இருக்கும். குலுக்குவது, உதறுவது, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவது மூளையில் இரத்தக் கசிவை உண்டாக்கலாம். பழக்கமில்லாதவர் கையில் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

தூக்கி வைத்திருப்பதற்கு நல்ல ஆய்வு ஒன்று உண்டு. கனடாவின் மான்ட்ரியல் நகர ஆய்வாளர்கள் 1986இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கத்தைவிட அதிக நேரம் தூக்கி வைத்திருந்த குழந்தைகள், உச்ச அழுகைக் காலமான ஆறாவது வாரத்தில் மற்றவர்களைவிட 43 விழுக்காடு குறைவாக அழுதன. கோலிக் தொடங்கிவிட்ட குழந்தைகளில் இதே பலன் பின்னர் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆகவே அழுகை உச்சத்துக்குப் போகும் முன்பே, முதல் வாரங்களிலிருந்தே நிறையத் தூக்குங்கள். கைப்பழக்கம் ஆகிவிடும் என்று பயமுறுத்துவார்கள். இந்த வயதில் கெட்டுப்போகும் பழக்கம் எதுவும் இல்லை.

தாய்க்குப் பத்தியம்

குழந்தை அழுதால் உருளைக்கிழங்கையும் பருப்பையும் தாயின் இலையிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். பருப்பால் தாயின் குடலில் உண்டாகும் வாயு பாலில் இறங்காது. பால் கொடுக்கும் முதல் ஆறு மாதத்தில் தாய்க்கு வழக்கத்தைவிட நாளொன்றுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. ரசமும் சுட்ட அப்பளமும் மட்டும் போட்டு அவளை மெலியவைப்பது குழந்தைக்கும் நல்லதில்லை. ஒரே ஒரு விதிவிலக்கு பசும்பால் ஒவ்வாமை. குழந்தையின் மலத்தில் இரத்தமோ சளியோ கண்டால், மருத்துவர் சொல்லித் தாய் சில வாரம் பாலையும் பால் பொருட்களையும் நிறுத்திப் பார்க்கலாம்.

இதைவிட முக்கியம், குழந்தை மார்பைப் பற்றும் விதம். காம்பை மட்டும் கவ்வினால் பால் குறைவாகவும் காற்று அதிகமாகவும் உள்ளே போகும். பசியால் அழும் குழந்தைக்கு நாம் வாயு மருந்து கொடுத்துக்கொண்டிருப்போம். வாயை அகலத் திறந்து, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தையும் சேர்த்துப் பற்ற வேண்டும். பகுதி கிராம சுகாதாரச் செவிலியரை அழைத்து, பால் கொடுப்பதை நேரில் பார்க்கச் சொல்லுங்கள். மேலே சொன்ன எந்த மருந்தையும்விட இது பயனுள்ளது, செலவும் இல்லை.

எனில் எதைத் தேர்வது?

ஆறு மாதத்துக்கு உட்பட்ட, எடை கூடிவரும் குழந்தைக்கு என் வரிசை இதுதான். முதலில் பால் கொடுக்கும் முறையைச் சரிபார்ப்பது, பால் குடித்ததும் தோளில் போட்டு ஏப்பம் விடவைப்பது. அடுத்து தூக்குதல், தடவுதல், கண்காணிப்பில் தூளியில் ஆட்டுதல். இவற்றையும் மீறித் தாங்க முடியாவிட்டால் மருத்துவரைக் கேட்டுப் புரோபயாட்டிக் சொட்டு. கிரைப் வாட்டரும் உரைமருந்தும் இந்த வரிசையிலேயே இல்லை. டைசைக்ளோமின் வீட்டிலேயே இருக்கக்கூடாது.

பெரியவர்களிடம் இதை எப்படிச் சொல்வது என்பது பல மருமகள்களின் உண்மையான சிக்கல். வேண்டாம் என்று மட்டும் சொன்னால் அவமதிப்பாகப் படும். "அத்தை, ஆறு மாதம் வரை வாய்க்கு எதுவும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நீங்கள் எண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் தோளில் போட்டுக்கொள்ளுங்கள், நான் கண் மூடிக்கொள்கிறேன்" என்று கேளுங்கள். பல வீடுகளில் பாட்டிக்கு வேண்டியதும் அதுதான், பேரப்பிள்ளைக்குத் தன் கையால் ஏதாவது செய்வது. அந்த ஒரு மணி நேரத் தூக்கம் தாய்க்கு மருந்து. வாரக்கணக்கில் அழுகை கேட்டே சோர்ந்து, எதிலும் மனம் ஒட்டாமல், குழந்தைமேல் கோபம் பொங்கும் தாய் கெட்டவள் அல்ல. பிரசவத்துக்குப் பிறகான மனச்சோர்வுக்குச் சிகிச்சை உண்டு, தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணில் பேசலாம். கை மீறும் கோபம் வந்தால் குழந்தையைப் பாதுகாப்பான இடத்தில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு, பத்து நிமிடம் அடுத்த அறைக்குப் போய்விடுங்கள்.

எல்லா அழுகையும் கோலிக் அல்ல. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், பச்சை நிற வாந்தி, மலத்தில் இரத்தம், பால் குடிக்க மறுத்தல், சிறுநீர் குறைதல், உச்சிக்குழி புடைத்தல், தொடை இடுக்கில் திடீர் வீக்கம், எழுப்பினாலும் எழாத மயக்கம், இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். விட்டுவிட்டு வீறிட்டு அழுது, இடையில் வெளிறித் துவண்டுபோகும் குழந்தைக்குக் குடல் செருகியிருக்கலாம். கை கால் விரல்களைச் சுற்றித் தலைமுடி இறுகியிருக்கிறதா என்று துணியை விலக்கிப் பாருங்கள். வண்டி இல்லையென்றால் 108ஐ அழையுங்கள். ஏற்கெனவே எதையாவது இழைத்தோ புகட்டியோ கொடுத்திருந்தால், திட்டுவார்கள் என்று பயந்து மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்தப் பொட்டலத்தையும் பாட்டிலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.